துடுப்பு வராத சாலை

1754 செப்டம்பர் 9, திங்கள். கோட்டை மணி ஏழு.

படகுத்துறையில் நகர முடியாமல் நிற்கும் வண்டிகள் நாற்பத்தொன்று. தலைச்சுமைக்காரிகளை எண்ணவில்லை. எண்ணத் தொடங்கியதுமே ஒருத்தியின் மீன்கூடை தோளில் இடித்து, சட்டையெல்லாம் கவிச்சி.

துறையிலிருந்து கடைத்தெருவுக்கு இருப்பது ஒரே சாலை. இரண்டு பக்கமும் சேறு. மழைக்குமுன் சாலை நெடுக வடிகால் வெட்டிச் செங்கல் கட்டவேண்டும் என்று எனக்குக் கோட்டை உத்தரவு. பாதி அகலத்தை வெட்டியாயிற்று. மீதிப் பாதியில் ஒரு வண்டிதான் போகும். இன்று இரண்டு வண்டிகள் நடுவழியில் எதிரெதிரே நின்றுவிட்டன. எவனும் பின்வாங்கவில்லை. ஒரு மாடு பள்ளத்தில் விழுந்தது.

கோட்டை அளவைத்துரையிடம் மூன்று வருஷம் அளவுச் சங்கிலி பிடித்துக் கற்றேன். எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். வெட்டும்போது ஊர் எப்படி நடப்பது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செப்டம்பர் 11

வழி கிடைத்துவிட்டது. ஏரியில் மீன்பிடிக்கும் குப்பத்தாரிடமிருந்தே எடுத்தேன்.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று குப்பத்தார் சீட்டெடுத்து முறை வைப்பார்கள். பாடு என்று பெயர். தன் பாடு வராதவன், கண்ணெதிரே மீன் துள்ளினாலும் வலையை இறக்கமாட்டான். சாலைக்கும் அதுவே. ஒரு முறை வண்டிகளுக்கு, மறுமுறை சுமைக்காரர்களுக்கு. சாலை வளைவதாலும் நடுவில் செங்கல் குவியல் இருப்பதாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாது. ஆகவே சிவப்புச் சாயம் பூசிய துடுப்பு ஒன்று. கூட்டத்தின் கடைசி ஆள் அதைக் கொண்டுபோய் மறுமுனைக் காவலனிடம் கொடுக்கவேண்டும். துடுப்பு கையில் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

எளிமை. சுத்தம். எனக்கே பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 12

துறையில் கூட்டம். துறைமுனைக்குத் தேசப்பன், குப்பத்துப் பெரியவர். கடைத்தெரு முனைக்குச் சின்னதம்பி. அவனும் குப்பத்தான், என் வயதுக்காரன், வாய் அதிகம்.

"இன்னா பாய், ஏரியில பாடு, இப்ப சாலையிலயும் பாடா? நாளைக்கு ஊட்ல சோறு துன்னவும் சீட்டு போடுவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் தனியாக வந்தான். அவன் மனைவி தேவகிக்கு இது நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று குப்பத்து மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். வலி வந்தால் படகில் கொண்டுவந்து, பள்ளிவாசல் பின்னால் இருக்கும் கைருன் பீவியிடம் சேர்க்கவேண்டும். அவள் கைபட்டால் திரும்பாத குழந்தை இல்லை என்பார்கள்.

"முறை இல்லாத நேரத்துல வலி வந்தா வுடுவியா?"

"ஒருத்திக்கு விட்டால் நாளை ஊரே கர்ப்பமாகி வந்து நிற்கும். யாருக்கும் விலக்கு இல்லை" என்றேன். "துடுப்பு சீக்கிரம் சீக்கிரம் மாறும். எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?"

"அப்ப சரி. பாடுன்னா பாடு" என்றான்.

செப்டம்பர் 20

ஒரு சண்டை இல்லை. ஒரு மாடு விழவில்லை. துரை தட்டிக்கொடுத்தார்.

செப்டம்பர் 27

சண்டை இல்லை என்று எழுதியவன் மடையன். குப்பத்தார் ஒழுங்காக நிற்கிறார்கள். மீன் நாறினாலும் நிற்கிறார்கள். வண்டிக்காரர்கள்தான் துடுப்புக்காரன் போனபின்னும் அவன் வாலைப் பிடித்துக்கொண்டு நுழைகிறார்கள். அதில் பாதி காஜா மைதீன் சச்சாவின் வண்டிகள். என் வாப்பாவின் தம்பி. நான் தின்பது அவர் வீட்டுச் சோறு.

சாப்பிடும்போது சொன்னேன். "கடல் கெட்டுப்போறதுக்குள்ள கப்பல்ல துணி ஏத்தணும்டா. மீன்காரன் நின்னா இன்னா, மீன் ஓடிடுமா?" என்றார். சச்சி இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதையும் தின்றேன்.

அந்தச் செங்கல் குவியலை அகற்றினால் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கும். நாலு ஆள் வேண்டும். வேலை தாமதமாகும். பிறகு பார்க்கலாம்.

அக்டோபர் 3, வியாழன்

எழுத வரவில்லை.

அக்டோபர் 4, விடியுமுன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சூளைக்குப் போனேன், சுண்ணாம்பு வரவில்லை என்று சண்டை போட. திரும்பும்போது சாயங்கால அசர் பாங்கு. கடைத்தெரு முனையில் சின்னதம்பி குந்தியிருந்தான். அவனுக்குப் பின்னால் வெற்றுக்கூடைகளோடு பெண்கள். எதிரே சாலை காலி. ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை.

"ஏன்டா சும்மா இருக்க?"

"துறையிலேர்ந்து வந்த உங்க சச்சா வண்டிலயே துடுப்பு போச்சு. இன்னொரு நடை கீது, எங்ககிட்டயே இருக்கட்டும்னு அவரு கணக்குப்பிள்ளை எடுத்துனு பூட்டாரு. அவங்க பாடு இன்னும் முடியல."

எனக்கு எரிந்தது. அந்தக் காலிச் சாலையில் நான் நடந்தேன். செங்கல் குவியலைத் தாண்டி வளைந்ததும் துறைமுனை தெரிந்தது. கூட்டம். நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் தேவகி.

வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டிலுக்கடியில் மணல் நனைந்திருந்தது. அவள் மாமியார் பச்சையம்மா என்னைப் பார்த்தாள். தேசப்பன்தான் எழுந்து வந்தார். "துடுப்பு இன்னும் வர்லியே, தம்பி. எதுக்க வண்டி வந்துட்டா கட்டிலோட எங்க ஒதுங்கறது? அதான் நிக்கிறோம்."

நிற்கிறார்கள்! யாரும் இல்லாத சாலைக்கு முன்னால்! ஒரு ஆளை ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லக்கூடாதா? கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கட்டிலின் ஒரு காலை நானே பிடித்தேன். ஓடினோம். கடைத்தெரு முனையில் சின்னதம்பி தலையைத் தூக்கினான். கட்டிலைப் பார்த்தான். அந்த முகத்தை எழுதமாட்டேன்.

அந்த நேரம் முழுக்க அவன் இந்த முனையில் காத்திருந்தான். அவள் அந்த முனையில் காத்திருந்தாள். நடுவில் ஒன்றுமில்லை.

கைருன் பீவி தேவகியைக் காப்பாற்றிவிட்டாள். பிள்ளை ஆண். அழவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "கொஞ்சம் முந்தி கொண்டாந்திருக்கக்கூடாதா, வாப்பா?"

துடுப்பு சச்சாவின் கிடங்கில் துணிமூட்டை மேல் கிடந்தது. அந்த இன்னொரு நடைக்கு வண்டி கிளம்பவே இல்லையாம், அச்சு முறிந்ததாம். "ஒரு துடுப்புக்கு இம்மாம் கத்துறியே, நான் இன்னா வேணும்னா செஞ்சேன்?" என்றார். வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் இன்னும் கசக்கிறது. அவர் விதியை மீறினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்கள் மீறவில்லை.

அக்டோபர் 5, சனி

நேற்றுக் காலையில் சின்னதம்பி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். குப்பத்தில் புதைக்கவேண்டும். பச்சையம்மாவும் இன்னும் சிலரும் பின்னால். கடைத்தெரு முனையில் நான் நின்றிருந்தேன். வண்டிகளின் முறை. துடுப்பு அந்த முனையில்.

"போ சின்னதம்பி. துடுப்பு வேண்டாம். வண்டியை நான் நிறுத்துகிறேன்."

அவன் நகரவில்லை. கத்தவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"யாருக்கும் விலக்கு இல்லனு சொன்னியே, பாய். துடுப்பு வரட்டும்."

பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வண்டிகள் ஒவ்வொன்றாய் வந்தன. ஒருவனும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கடைசி வண்டிக்காரன் துடுப்பை என்னிடம் எறிந்தான். அதைச் சின்னதம்பியிடம் நீட்டினேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் துடுப்பு. போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அந்த முனையிலிருந்து கூடைக்காரிகள் வந்தார்கள். கடைசியில் வந்தவள் கையில் துடுப்பு இருந்தது. சின்னதம்பி மறக்காமல் தேசப்பனிடம் கொடுத்துவிட்டுத்தான் படகேறியிருக்கிறான்.

அக்டோபர் 6

செய்யவேண்டியவை:

1. செங்கல் குவியலை இன்றே அகற்றுவது. ஆள் இல்லாவிட்டால் நானே.
2. பிரசவம், நோய், சாவு: இவற்றுக்குத் துடுப்பு வேண்டாம். தண்டோரா போதாது, குப்பத்துக்குப் போய் நேரில் சொல்வது. யார் வாயில் என்ன வந்தாலும் கேட்டுக்கொள்வது.
3. துடுப்பைக் காவலனிடம் கொடுக்காமல் கொண்டுபோகும் வண்டி எவனுடையதானாலும் வேலை முடியும்வரை அவனுக்கு இந்தச் சாலை கிடையாது. சச்சாவிலிருந்து தொடங்குவது.
4. அதற்குமுன் அவர் வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது.
5. கடைத்தெரு முனையில் நானே நிற்பது. சின்னதம்பி திரும்ப வந்தால் இடம் அவனுடையது. வராவிட்டால் அவனைக் கூப்பிடக்கூடாது.