கலைமதிக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கம்பைநல்லூர்
கார்த்திகை 20

அன்பு மகன் மாதேசுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை, நான் மூவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க முனியப்பன் துணை. போனில் பேசினால் கலைமதி பக்கத்திலேயே இருக்கிறாள், நீயும் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உன் ரூம்காரன் தாரிக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மரவள்ளி பிடுங்கியாகிவிட்டது. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான், டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்கமாட்டேன் என்கிறார். பெரியம்மா வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது, சீம்பால் கொடுத்தனுப்பினாள், காய்ச்சித் தின்றோம், ருசி தெரியவில்லை. எனக்குக் கொஞ்ச நாளாக எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

ஆடிக்குக் கலைமதியை அழைத்து வந்தோம், ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப்போவார்கள் என்று முறுக்குக்கு மாவு அரைத்து வைத்தேன், யாரும் வரவில்லை. தலை தீபாவளிக்கும் மாப்பிள்ளை கதிரவன் வரவில்லை. அவருக்கு எடுத்த வேட்டி சட்டை பீரோவில் கிடக்கிறது, திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது, ஒன்றும் தோன்றவில்லை, மூடிவிடுகிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் தருமபுரி ஸ்டுடியோவுக்குச் செய்துகொடுத்த வீடியோ வேலையை மறுபடி செய்கிறேன் என்று அவள் கேட்டபோது கம்ப்யூட்டர் வாங்கினோம் அல்லவா. கடைக்கார மாயவன் அன்றைக்கே சொன்னார், பில்லு போட, படம் பாக்க, போர்டுலயே கூட வர்ற ஆன்போர்டு கிராபிக்ஸே தாராளங்கம்மா, அதுக்குத் தனக்குன்னு மெமரி கிடையாது, கம்ப்யூட்டரோட ராம்ல இருந்துதான் எடுத்துக்கும், வீடியோ எடிட்டிங்னா தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கங்க என்று. நீதான் போனில், புருசன் வீட்டுக்குப் போகப் போறவளுக்கு கார்டு எதுக்கும்மா, ஆன்போர்டு போதும் என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கார்டு வாங்கிக் கொடுத்தால் இங்கேயே தங்கிவிடுவாளோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். கொஞ்ச நாள் ஓடினாப் போதுங்க என்று மாயவனிடம் சொன்னேன், அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

பிறகு பார்த்தால் யார் வீட்டுக் கல்யாணமோ, தாலி கட்டுகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும், மணப்பெண் தலைகுனிந்தபடி இருப்பாள், இவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே காத்திருப்பாள். சொன்ன நாளில் முடியாமல் ஸ்டுடியோக்காரர் வேலையைக் குறைத்துவிட்டார். தீபாவளி கழிந்து ஒருநாள் அப்படிக் காத்திருக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே, நீங்க ஆடிக்குக் கூப்பிட வந்தீங்களே, அன்னிக்குப் பொடவை எடுத்து வெக்கறப்பவே அவரு சொல்லிட்டாரும்மா, போனா அங்கயே இருந்துக்கன்னு, என்றாள். இத்தனை நாள் ஏன்டி சொல்லவில்லை என்றதற்கு, நீ மாவு அரைச்சி வெச்சிருந்தியே என்றாள். எனக்கு அழுகை வரவில்லை மாதேசு, அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போய் மாயவனைக் கையோடு கூட்டி வந்தார். பழைய பவர் சப்ளை தாங்காதாம், அதையும் மாற்றிக் கார்டு போட்டுவிட்டுப் போனார்.

அதிலும் என் கைவரிசை. மறுநாள் பெருக்குகிறேன் என்று வயர்களைப் பிடுங்கித் துடைத்து, புதுக் கார்டில் செருகவேண்டிய மானிட்டர் வயரைப் பழைய ஓட்டையிலேயே செருகிவிட்டேன். படம் முன்போலவே நின்று நின்று ஓடியது. அவள் யாரையும் கேட்கவில்லை, நமக்கு எது வாங்கினாலும் இப்படித்தான் என்று இருந்துவிட்டாள் போல. பிறகு ஒருநாள் பின்னால் எட்டிப் பார்த்தவள் ஒரே சத்தம். யாரும்மா இத மாத்துனது, அத்தாம் பெரிய கார்டு சும்மா கெடக்குது, நீ பழைய எடத்துலயே சொருகி வெச்சிருக்கற, இனிமே வெளக்குமாத்தத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராத என்று திட்டினாள். ஆடிக்குப் பிறகு அவள் குரல் உயர்ந்தது அன்றுதான். நான் நின்று முழுதும் கேட்டேன், சந்தோஷமாக இருந்தது. இப்போது ஸ்டுடியோக்காரர் மறுபடி வேலை தருகிறார்.

நீ கதிரவனிடம் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகவும், பொங்கலுக்குக் கலைமதியை நாமே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று சொன்னதாகவும் தாரிக் சொன்னான். வேண்டாம் சாமி. உன் சிநேகிதன், நீ பார்த்த இடம், உனக்கும் கூசும் என்று தெரியும், உன்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் வேண்டாத வாசலில் என் பிள்ளையை நானே கொண்டுபோய் நிறுத்தமாட்டேன், அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, கடையில் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. முனியப்பன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பான். பொங்கலுக்குக் கட்டாயம் வா. உன் துணிமணியை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன், கூடத்தில் பாய் போடுகிறேன், அங்கே படுத்துக்கொள். உன் அறை இனிமேல் கலைமதியுடையது.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா கண்ணம்மாள்