இரண்டாம் தொட்டியும் நாலாம் தொட்டியும்

மார்ச் 3, செவ்வாய்

வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாத நாளில் பாசி வளராது. மின்கட்டணம் மட்டும் வளரும். ஆறு தொட்டிகளிலும் துடுப்புச் சக்கரங்கள் பச்சைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

சின்னவன் அறைக்குக் கூப்பிட்டான். பதினேழாம் தேதி முதலீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா வருகிறாராம். பணம் போட்டால் இன்னும் அறுபது தொட்டி. போடாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு.

“ரிப்போர்ட்டை நீளமா எழுதாதீங்க அத்தான். டீசலுக்குப் பதிலா நம்ம பாசி எண்ணெய் ஒரு லிட்டர் என்ன விலைக்கு வரும்? ஒரே ஒரு எண்ணு. அது போதும்.”

சின்னவன் என் மனைவியின் தம்பி. பள்ளியில் வேதியியல் தேறாமல் பாடம் கேட்க என் முன்னால் வந்து உட்கார்ந்தவன். ஆராய்ச்சிக்கூடத்தில் என்னை ‘உபரி’ என்று வெளியே அனுப்பியபோது வேலை கொடுத்தான். கொடுத்துவிட்டு, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், “அத்தானை நான்தான் கரையேத்தினேன்” என்றான். அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் கை நனைப்பதில்லை.

மாலை, பக்கத்து மீன்குஞ்சுப் பண்ணைக்காரர் மறுபடி கேன் தூக்கிக்கொண்டு வந்தார். “கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்துங்க சார், குஞ்சுங்க இதைத்தான் திங்குதுங்க.” ஊற்றச் சொன்னேன். ஓசிதான்.

மார்ச் 6, வெள்ளி

எனக்காகக் காத்திராமல் சின்னவனே ஓர் எண் போட்டுவிட்டான். நம்ப முடியாத அளவுக்கு மலிவு. எப்படி என்று பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் தொட்டியின் வளர்ச்சியை நாலாம் தொட்டியின் எண்ணெய் விகிதத்தால் பெருக்கியிருக்கிறான்.

இரண்டாம் தொட்டிக்கு யூரியா போடுகிறோம். பாசி மளமளவென்று வளர்கிறது, எண்ணெய் சேர்வதில்லை. நாலாம் தொட்டியைப் பட்டினி போட்டிருக்கிறோம். அது எண்ணெயை உடம்பில் பதுக்கிக்கொண்டு வளர்வதை நிறுத்திவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் தொட்டி எங்களிடம் இல்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு இது. சிலர் அதை வைத்தே பெரிய ஆளாகிவிட்டார்கள்.

போய்ச் சொன்னேன்.

“ரெண்டும் நம்ம தொட்டிதானே அத்தான்?” என்றான். சிரிக்கக்கூட இல்லை.

அதற்கு மேல் நான் ஏன் பேசவேண்டும்? அந்த அம்மா கண்டுபிடிக்கட்டும். எல்லோர் முன்னாலும்.

மார்ச் 7, சனி

சரியான கணக்கு: பெட்ரோல் பங்கில் விற்கும் டீசல் விலையைப்போல ஒன்பது மடங்கு. யாரும் கேட்கவில்லை.

மார்ச் 11, புதன்

மனைவியிடம் சொல்லியிருக்கக்கூடாது. தொட்டிக் கதை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

“தப்புன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருக்கப் போறீங்க. அவன் எல்லார் முன்னாடியும் அசிங்கப்படணும். அதானே?”

ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றேன்.

“எத்தனை வருஷமா நெஞ்சுல வச்சிருக்கீங்க. அவன் விழுந்தா நீங்க எழுந்துக்குவீங்களா? அவன் கம்பெனியை மூடினா நம்ம வீட்டுலயும்தான் அடுப்பு அணையும்.” பிறகு, சட்டையின் கையை நீவிக்கொண்டே: “அந்த நாலாம் தொட்டி யாருன்னு இப்பதான் தெரியுது.”

எழுந்து வெளியே போய்விட்டேன். தெருமுனைவரை நடந்தேன். கடை திறந்திருந்தது, எதுவும் வாங்கவில்லை. நானா நாலாம் தொட்டி? என்ன பேச்சு பேசுறா பாரு!

மார்ச் 16, திங்கள்

தொட்டி விளிம்புகளைத் தேய்த்துக் கழுவினார்கள். சின்னவன் புதுச் சட்டை வாங்கியிருக்கிறான். நாளைக்கு.

மார்ச் 17, செவ்வாய்

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சாதாரணச் செருப்பு. திரையைப் பார்ப்பதைவிட ஜன்னல் வழியாகத் தொட்டிகளையே அதிகம் பார்த்தார். சின்னவன் தன் எண்ணைச் சொல்லி முடித்ததும் கேட்டார்: “இந்த வளர்ச்சியும் இந்த எண்ணெயும் ஒரே தொட்டியில வந்ததா?”

நான் காத்திருந்த கேள்வி.

சின்னவன் என் பக்கம் திரும்பினான். “அத்தான் சொல்லுவாரு.” முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் என் முன்னால் உட்கார்ந்திருப்பானே, அதே முகம்.

“இல்லை” என்றேன். ஒரு கிலோ பாசிக்கு இரண்டாயிரம் லிட்டர் தண்ணீரை இறைத்து வடிகட்டவேண்டும், பிறகு காயவைக்கவேண்டும், பிறகு பிழியவேண்டும், செலவெல்லாம் அங்கேதான் போகிறது என்றேன். ஒன்பது மடங்கையும் சொன்னேன்.

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்றீங்க.”

“ஆமாம்மா.”

அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். அதற்குத்தானே வந்தேன்? சின்னவன் தண்ணீர்க் குவளையை எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான். என் வாய் தானாகப் பேசிக்கொண்டு போனது. காயவைக்காமல், பிழியாமல், அப்படியே உயிரோடு கொடுத்தால் சுமைகூலியே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வாரா வாரம் கேனோடு வருகிறார். மீன்குஞ்சுக்கு இதுதான் முதல் தீனி. அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடமாக இருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மா பேனாவை மூடினார். “எண்ணெய்க்கு எங்ககிட்ட காசு இல்லை. தீனின்னா யோசிக்கலாம்.”

கார் போனபிறகு சின்னவன் என்னைப் பார்க்காமலே தொட்டிப் பக்கம் நடந்தான்.

மார்ச் 18, புதன்

அவன் என் மேசைப் பக்கம் வரவில்லை. நானும் அவன் அறைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. அறுபது தொட்டிக்கு அல்ல. பிழியும் இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதில் வேலை பார்த்த நாலு பேரை அனுப்பியாயிற்று. ஒருவர் என் மேசைக்கு வந்து, “உண்மையைச் சொன்னீங்களாமே சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா, சாபமா?

ஜூன் 22, திங்கள்

வாசல் பலகையில் ‘எரிபொருள்’ போய் ‘உயிர்த்தீவனம்’ வந்திருக்கிறது. செலவு போக முதல்முறையாக மிச்சம்.

செய்தித்தாளில் சின்னவன் பேட்டி. தொடக்கத்திலிருந்தே தீவனம்தான் தன் கனவாம். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு தடவை படித்தேன். கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். டீ ஆறிவிட்டது.

நாலாம் தொட்டியை மட்டும் இன்னும் பட்டினியிலேயே வைத்திருந்தோம். எண்ணெயைக் கைவிட அவனுக்கு மனசு வரவில்லை. இன்று தொட்டி விளிம்பில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“இதுக்கும் சாப்பாடு போட்டுடலாம் அத்தான்.”

“போடலாம்.”

துடுப்பில் சிக்கிய சருகை எடுத்துப் போட்டான். “நீங்களும் வாங்களேன். அக்கா இன்னிக்கு எங்க வீட்டுலதான் இருக்கா.”

யூரியா மூட்டையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினேன். மத்தியானச் சாப்பாடு அவன் வீட்டில். உப்பு கொஞ்சம் கம்மி. சொல்லவில்லை.