காணாமல் போன எழுபது குதிரைகள்

ஆகஸ்ட் 14, வியாழன். ஷார்ஜா.

இன்று நான் குதிரைத் திருடனானேன்.

அரபி ஒருவரின் பழைய அமெரிக்கக் காருக்கு இஞ்சினைப் பிரித்துக் கட்டியவன் நான். இன்று வண்டியை டைனோவில் ஏற்றி, உருளைகள் மேல் சக்கரங்களை ஓடவிட்டுச் சக்தியை அளந்தோம். இருநூற்று எண்பது குதிரைசக்தி. அந்த வயதுக்கு அருமையான அளவு. ஆனால் கம்பெனிப் புத்தகத்தில் முன்னூற்றைம்பது என்று போட்டிருக்கிறதாம்.

புத்தகக் கணக்கு வெறும் இஞ்சினுக்கு. கியரும் அச்சும் தின்றது போக மிச்சம்தான் சக்கரத்துக்கு வரும் என்றேன்.

"எழுபது மாஃபி! கிதர் கயா?"

எழுபதைக் காணோம், எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு அரபி என் சட்டைப் பையைப் பார்த்தார். வேறு கராஜில் கொடுத்து இஞ்சினைப் பிரித்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய இஞ்சின்.

டைனோ ஓட்டும் கீழக்கரை நசீர் என் காதில் சொன்னார்: "சும்மா இருங்கண்ணே. நம்ம கடையை ஊட்டிக்குத் தூக்கிர்றேன்."

மலையில் காற்று மெலிவு என்பதால் கம்ப்யூட்டர் இரக்கப்பட்டுக் குதிரைகளைக் கூட்டிக் கொடுக்கும். நசீர் காற்றழுத்தத்தை மாற்றித் தட்டினார். கடலோரக் கடை மலையேறியது. அடுத்த ஓட்டத்தில் முன்னூற்று ஐம்பத்திரண்டு.

அரபி என் முதுகில் தட்டினார். "கலாஸ், பாய். மாஃப் கர்தியா."

விவகாரம் முடிந்ததாம். நான் எதையும் எடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இனி இஞ்சினைப் பிரிக்கமாட்டார்களே, அது போதும் என்று மூடிக்கொண்டேன்.

மன்னித்துவிட்டாராம்!