வாசலோடு திரும்பிப் போன பெட்டிகள்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். உங்களை எழுப்பிக் கேட்டால் தெருவே கூடிவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் பெட்டிகள் ஏன் வரவில்லை என்று நேற்று ஆபீசிலிருந்து பெட்டி அனுப்பும் கம்பெனிக்குப் போன் செய்து கத்தினேன். அந்தப் பெண் பாவம், தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: "வண்டி வந்துச்சு மேடம். வீட்ல எடமில்லன்னு சார்தான் திருப்பி அனுப்பிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்கு இடமில்லை? உங்கள் அக்கா தங்க வருகிறார், அவர் கண்ணில் பெட்டிகள் படக்கூடாது, அதுதானே? நீங்கள் சட்டை காயப்போடும் அந்த உடற்பயிற்சி சைக்கிளுக்கு மட்டும் கூடத்தில் இடமிருக்கிறதா? வயிற்றில் குழாயோடு, தினமும் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டு அலைகிறவள் நான். மிச்சமிருக்கும் மருந்துத் தண்ணீர்ப் பைகள் நாளைக் காலையோடு தீர்ந்துவிடும். அது தெரியுமா உங்களுக்கு?

கெஞ்சிக் கூத்தாடி வண்டியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். இன்று மத்தியானம் வரும். சைக்கிளை வெளியே தள்ளிவிட்டுக் கூடத்தில் அடுக்கச் சொல்லுங்கள். பழைய பெட்டி முன்னால் இருக்கட்டும், அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். கண்ணுக்கு மறைவாக இருக்கட்டும் என்று பால்கனி வெயிலில் கொண்டுபோய் வைத்தீர்களோ, தொலைத்துவிடுவேன்.

பி.கு: நீங்கள் எதையும் தூக்க வேண்டாம், முதுகு பிடித்துக்கொள்ளும். வண்டிக்காரரே உள்ளே வைப்பார். இதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. "என்னடா இவ்ளோ பெட்டி?" என்று அக்கா கேட்டால் மழுப்பாதீர்கள். "என் பொண்டாட்டியோட கிட்னி" என்று சொல்லுங்கள்.