நாற்பத்தொன்பது வயதே இல்லாத ஊர்

ஜூன் 4, 2025

பயிற்சி முடிந்தது. பத்து நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரு பெண்ணிடம் எத்தனை பிள்ளை பெற்றாய் என்று எப்படிக் கேட்பது எனச் சொல்லித் தந்தார்கள். கேட்டபின் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

நாளை முதல் நான் சூப்பர்வைசர். குடும்ப நலக் கணக்கெடுப்பு, நெய்வேலி டீம். என் கீழே மூன்று பெண்கள், பதில்களைப் பதிய மூன்று டேப், ரத்தம் பார்க்கிற மிஷின் ஒன்று, எடை மிஷின் ஒன்று. எடை மிஷின் நேற்று என்னை 61 என்றது, இன்று 58 என்கிறது. எம்.எஸ்சி. புள்ளியியலில் இதற்கு அளவீட்டுப் பிழை என்று பெயர். நான் 58-ஐ நம்புகிறேன்.

என் வீட்டுக்காரர் இளவழகனுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. எனக்கும் இது ஆறு மாதக் காண்ட்ராக்ட். "வூட்ல ஒருத்தராவது பெர்மனென்ட் ஆவணும் அன்பு" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

ஜூன் 6

டவுன்ஷிப். கம்ப்யூட்டர் குலுக்கிக் கொடுத்த இருபத்திரண்டு குவார்ட்டர்ஸ். ஒன்பதில் கதவே திறக்கவில்லை. ஒன்றில் ஜன்னல் வழியாகப் பதில் வந்தது: "எங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி இருக்கும்மா, அங்க போய்க் கேளுங்க." இன்னொன்றில் கதவைத் திறந்த அம்மா எல்லாக் கேள்விக்கும் "சார் வந்தாத்தான் தெரியும்" என்றார். கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்ற கேள்விக்கும்.

ஒருங்கிணைப்பாளர் ராஜ்மோகன் சாரிடம் சொன்னேன். டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆபீசில் ஏ.சி.க்கு நேர் கீழே அவர் நாற்காலி. "ரெஸ்பான்ஸ் ரேட் தொண்ணூத்தெட்டு வரணும் அன்புக்கரசி. எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கவே மாட்டேன்" என்றார். பெருந்தன்மை.

ஜூன் 11

கம்மாபுரம் பக்கம் ஒரு ஊர். நேற்று எல்லா வீட்டுச் சுவரிலும் சாக்பீஸால் நம்பர் போட்டோம். இன்று போய்ப் பார்த்தால் ஒரு நம்பரும் இல்லை. ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் சுவரில் நம்பர் விழுந்தால் அடுத்து சுரங்கத்துக்காக நிலத்தை அளக்க வருவார்கள் என்று அர்த்தம்.

"நாங்க உடம்பப் பத்திக் கேக்க வந்தவங்கம்மா, நெலத்துக்கு இல்ல."

"மொதல்ல அப்படித்தான் சொல்லிக்கினு வருவாங்க."

அரை நாள் பேசிப் புரியவைத்தோம். அப்புறம் வேறு சண்டை. பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஏன் போனீங்க, எங்க வூட்டுக்கு ஏன் வரலை? குலுக்கலில் விழவில்லை என்றேன். "எங்களுக்கு எந்தக் குலுக்கல்ல வுழுந்திருக்கு" என்று அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டார். சமவாய்ப்பு மாதிரியெடுத்தல் பற்றி எங்கள் பேராசிரியர் ஒரு பருவம் முழுக்க நடத்தினார். இந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

ஜூன் 19

காலையில் இதுவரை வந்த தரவை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

கம்மாபுரம் பக்கத்து ஊரில் 45 முதல் 49 வயதுவரை பெண்கள்: பூஜ்யம்.
50 வயதுப் பெண்கள்: பத்தொன்பது பேர்.

நாற்பத்து நான்கு முடிந்ததும் இங்கே பெண்களுக்கு நேராக ஐம்பது பிறந்துவிடுகிறது. நாலு வயதுக் குழந்தைகளும் இல்லை, பிறக்கும்போதே ஐந்தரை. மருத்துவ உலகம் கவனிக்க வேண்டிய ஊர்.

பத்தொன்பது பேரும் தனகோட்டி எடுத்த வீடுகளில்தான். என் டீமில் வேகமான பெண் அவள்தான். ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிப்பாள்.

ஜூன் 20

தனகோட்டியை வேப்பமரத்தடியில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

"நாப்பத்தொம்போதுன்னு போட்டா ஒன்ற மணி நேரம் கேள்வி கேட்டுக்கினே இருக்கணும்க்கா. அப்புறம் ஊசி குத்தணும். அம்பதுன்னு போட்டா டேப்பே 'நன்றி, வணக்கம்' சொல்லிடுது. கொழந்த அஞ்சு வயசத் தாண்டிட்டா தடுப்பூசிக் கேள்வி வராது."

"அது தப்பு இல்லையா?"

"நாலரை பஸ்ஸ வுட்டா குறிஞ்சிப்பாடிக்கு ஆறரைக்குதான்க்கா. எம் பொண்ணு பக்கத்து வூட்ல இருக்குது. அவங்க அஞ்சு மணிக்குக் கோயிலுக்குப் போவணும்னு வாசல்லயே உக்கார வச்சிட்டுப் போயிடுறாங்க."

அவள் பெண்ணுக்கு மூன்று வயது. பயிற்சியில் இதுவும் வரவில்லை.

ஜூன் 21

ராஜ்மோகன் சாரிடம் அட்டவணையைக் காட்டினேன். யார் வீடுகள் என்று சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பதறிப்போவார் என்று நினைத்தேன்.

"ஸ்பீடு நல்லா இருக்கே!"

"சார், இது பொய்."

"பொய்னு சொல்லாதம்மா. இந்த அம்பதுல குவிஞ்சு நிக்குது பாரு, அதான் கண்ணை உறுத்துது. ஒரு எட்டுப் பேரை எடுத்து நாப்பத்தாறு, நாப்பத்தேழுன்னு பரப்பி விடு. வழவழன்னு ஆயிடும்."

"அப்ப அவங்களோட ஒன்றரை மணி நேரப் பதிலுக்கு?"

"நீ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்ச பொண்ணு. சராசரி போட்டு நிரப்பத் தெரியாதா?"

ஜூன் 22

இளவழகனிடம் சொன்னேன். "வேல போனா போவட்டும்னு சொல்ற அளவுக்கு நாம இல்ல" என்றார். ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "ஆனா நீ பரப்பி வுட மாட்டே. எனக்குத் தெரியும்."

அந்தப் பத்தொன்பது வீடுகளுக்கும் திரும்பப் போவது என்று முடிவு. தனகோட்டியும் வரவேண்டும். அவள் பெண்ணைத் தினமும் என் வீட்டில் விட்டுவிட்டு வரட்டும், என் மாமியார் பார்த்துக்கொள்வார்.

ஜூன் 24

மூன்றாவது வீடு. பதிலளித்தவர் பெயரை வெளியே எழுதக் கூடாது என்பது விதி. எழுதுகிறேன்: ருக்குமணி. கூட்டிப் பெருக்கும் காண்ட்ராக்ட் வேலை. டேப்பில் வயது 50. ஆதாரில் 46.

"அன்னிக்கே இந்தப் பொண்ணு அம்பதுன்னு எழுதிக்கிச்சி. ஊசி குத்தாம வுட்டுச்சேன்னு எனக்கும் சந்தோசந்தான்."

தனகோட்டி டேபில் 46 என்று தட்டினாள்.

கேட்டுக்கொண்டே வந்தோம். மாதவிலக்குக் கேள்வி வந்தபோது, ஏழு மாதமாகச் சரியாக நிற்பதே இல்லை என்றார். மாதத்தில் இருபது நாள். "வயசாவுறப்ப அப்படித்தான் இருக்கும்னாங்க. வேலையில படி ஏறுறப்பதான் கண்ண இருட்டிக்கினு வருது."

தனகோட்டி விரலில் குத்தினாள். ஹீமோகுளோபின் 5.4 என்றது மிஷின். "மிஷின் தப்புக்கா" என்று வேறு விரலில் குத்தினாள். 5.4. பன்னிரண்டு இருக்க வேண்டும். எடை மிஷின் நாளுக்கொரு எண் சொல்கிறது; இது மட்டும் சொன்ன சொல் மாறவில்லை.

ஏழுக்குக் கீழே இருந்தால் பரிந்துரைச் சீட்டு கொடுக்க வேண்டும். கையேடு சொல்கிறது: "அத்துடன் களப்பணியாளரின் கடமை நிறைவடைகிறது." கொடுத்தோம். நிறைவடைந்தது.

ஜூன் 25

நிறைவடையவில்லை. இன்று அந்த வழியாகப் போனேன். ருக்குமணி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "சீட்டப் பத்திரமா வச்சிருக்கேங்க மேடம்" என்று ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு மடிப்புக்கூட இல்லை. லீவு போட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிடுவார்களாம்.

அவங்க உதடு வெள்ளையா இருக்கு. சுண்ணாம்பு மாதிரி. இத வெச்சிகினு நான் என்னத்த எழுதுறது? எந்தக் கட்டத்துல போடறது?

ஜூன் 26

ஆட்டோ வைத்து நானே கூட்டிப்போனேன். படி ஏறும்போது என் தோளில் சாய்ந்துவிட்டார். டாக்டரம்மா என்னைத் திட்டினார், நான்தான் சொந்தக்காரி என்று நினைத்து: "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" நான் மறுக்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றி, அப்புறம் ஆபரேஷன்.

ஜூலை 2

விளக்கம் கேட்டுக் கடிதம். நான் ருக்குமணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதால் மாதிரியின் நடுநிலை கெட்டுவிட்டதாம்.

"எல்லாரையும் நீ காப்பாத்திட்டே போனா அப்புறம் ஊரோட உண்மை நெலவரம் எப்படிம்மா தெரியும்?" ராஜ்மோகன் சார் உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

பிறகு, டீம் முன்னால் வைத்து, முதலில் ஐம்பது என்று போட்டது யார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. தனகோட்டியும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்கும். இருந்தாலும்... ஒரு தடவை என் முகத்தையாவது பார்த்திருக்கலாமே?

ஜூலை 9

நாங்கள் திரும்ப எடுத்த பத்தொன்பதையும் சர்வர் ஏற்கவில்லை. "இரட்டைப் பதிவு" என்று தள்ளிவிட்டது. ஆக, ஆபரேஷன் முடிந்து வார்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ருக்குமணி தரவில் இன்னும் ஐம்பது வயதுக்காரர். அவருக்கு ரத்தம் பார்க்கத் தேவையில்லை. அந்த ஊரில் கடும் ரத்தசோகை யாருக்கும் இல்லை.

என் காண்ட்ராக்டை இன்றோடு முடித்துவிட்டார்கள். டேபைத் திருப்பிக் கொடுத்தேன். எடை மிஷினையும்.

ஜூலை 21

தரம் மிக்க தரவுக்காக ராஜ்மோகன் சாருக்குப் பாராட்டுக் கடிதமாம். வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தார். கட்டைவிரல் காட்டிவிட்டு வெளியேறினேன்.

ஆகஸ்ட் 7

எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பத்திலேயே ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறேன். ஒரு மாதமாகத் தனகோட்டியிடமிருந்து பேச்சில்லை. அவள் பெண்ணையும் என் வீட்டில் விடுவதில்லை. மாமியார் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இன்று காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன். குரலை அடக்கிப் பேசினாள்.

"அக்கா, ஒரு வூட்ல இருக்கேன். எத்தன கொழந்த எறந்து போச்சின்னு கேட்டேன். இந்தம்மா அழுவுறாங்க. நிக்கவே மாட்டேங்குது. டேப்ல இதுக்கு எதக்கா அமுக்கணும்?"

"எதையும் அமுக்காத. டேபைக் கீழ வெச்சிட்டு அவங்க பக்கத்துல உக்காரு."

"இங்கயே உக்காந்துட்டா நாலரை பஸ்ஸு போயிடும்..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, "சரிக்கா" என்றாள்.

பகல் மணி பன்னிரண்டாகிறது. அவள் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.