தலைக்கு மேலே நின்ற செய்மதி

இன்று பின்னேரம் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பாதையோரம் கொஞ்சம் மண் சரிந்து கிடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பிளந்த ஈரமண்ணின் வாசனை பஸ்ஸுக்குள் வந்ததும் ஜன்னலை இழுத்து மூடினேன். உட்கார்ந்தபடியே மனதுக்குள் உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசைவீடுகளில் பிறந்தவர்கள். நான் கொழுந்து பறிக்கப் போனேன். நீ படித்து, மலைச்சரிவுகளை அளக்கும் வேலைக்குப் பதுளைக்குப் போனாய். ஒருநாள் நம் லயத்துக்கு மேலுள்ள சரிவிலேயே கம்பம் நட்டு, அதன் தலையில் வெள்ளைக் கருவி ஒன்றைப் பூட்டினாய்.

"இந்தியா விட்ட செய்மதி ஒண்ணு நம்ம தலைக்கு மேலேயே நிக்குது. மத்த செய்மதிங்க வரும், மலைக்குப் பின்னால மறையும். இது எந்நேரமும் நிக்கும். எல்லாத்தோட சிக்னலையும் இந்தக் கருவி சேத்துப் பாத்தா, கம்பம் ரெண்டு விரல் நகந்தாலும் தெரிஞ்சிரும்" என்றாய்.

"நம்ம லயம் அதுக்குத் தெரியுமாக்கும்?" என்று என் மாமியார் சிரித்தார்.

மழை விடாமல் பெய்த ஐந்தாம் நாள், நண்பகலில், முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தாய். "கம்பம் நகந்திருச்சு! எல்லாரும் பக்கத்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க!" அடுப்பில் சோறு இருக்கிறது என்றார்கள். நீ கதவுகளை உதைத்தாய். கருவியை நம்பி அல்ல, உன் முகத்திலிருந்த பயத்தைப் பார்த்துத்தான் சனங்கள் கிளம்பினார்கள்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் நடக்க முடியாத தாத்தா ஒருவர் இருந்தார். "ஒரு கை குடு புள்ள, தூக்கிருவோம்" என்றாய். மேலே மரங்கள் முறியும் சத்தம். இடுப்பில் என் மகள். என் கால் நகரவில்லை. நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். கோபமே இல்லை.

"சரி, பாப்பாவ கொண்டு போ."

மேட்டில் ஏறித் திரும்பியபோது, லயம் இருந்த இடத்தில் செம்மண் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து உன்னை எடுத்தார்கள். தாத்தா உன் முதுகில் இருந்தார்.

இப்போது புது வீடுகளில் இருக்கிறோம். இங்கும் மேலே கம்பம் நட்டிருக்கிறார்கள். அது நகர்ந்தால் எச்சரிக்கை வரும் போனை நானே கேட்டு வாங்கினேன். வானம் இருண்டாலே அதைக் கையில் எடுத்துவிடுகிறேன். மழையில் மகள் சிரித்தால்கூட அதட்டிவிடுகிறேன்.

சென்ற மாதம் அந்தப் போன் அலறியது. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். மேல் வரிசையில் படுக்கையாகக் கிடக்கும் ஓர் அம்மாவை, அவர் மகனோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு இறங்கினேன். மலை சரியவில்லை. "சும்மா பயங்காட்டுறியே!" என்று மறுநாள் எல்லோரும் திட்டினார்கள். நான் போனைச் சார்ஜில் போட்டு வைத்தேன்.

அந்த அம்மாவைத் தூக்கி வந்த வழியெல்லாம் "ஒரு கை குடு புள்ள" என்ற உன் குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நான் கையை விடவில்லை.