டைகரை யாரும் தூக்கக் கூடாது

12 ஜூன், வியாழன்

ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் டைகர் அதே மூலையில்தான். வைத்த புல் வைத்தபடி இருக்கிறது. கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த மெர்சி ஓசூருக்கு வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன கினிப்பன்றி. வெள்ளையும் காப்பிப்பொடி நிறமும். பெயர்தான் டைகர், அம்மா மிக்ஸி போட்டாலே உடம்பெல்லாம் உதறுகிறது.

“பன்னின்றே, பாத்தா எலியாட்டம் கீது. தெருவே சிரிக்குதுடி ஸ்நேகா” என்றாள் அம்மா.

சிரிக்கட்டும்.

16 ஜூன், திங்கள்

மெர்சி கொடுத்த நம்பரில் கால்நடை டாக்டரிடம் பேசினேன். “ஒளிய எடமே இல்லாத கூண்டுல பயம் எப்படிம்மா போகும்? மேலேர்ந்து கைய வெச்சுத் தூக்காதீங்க. அதுக்கு அது பருந்து வர்ற மாதிரி.”

டிவி பக்கத்திலிருந்து கூண்டை என் கட்டிலோரம் கொண்டுவந்தேன். அட்டைப்பெட்டியில் இரண்டு வாசல் வெட்டி உள்ளே வைத்தேன். நைனாவின் பழைய லுங்கியைப் பாதிக் கூண்டுக்குப் போர்த்தியாயிற்று. லுங்கி போனதற்கு நைனா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள்.

22 ஜூன், ஞாயிறு

சர்ச் முடிந்து, எனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை ஸ்டீவனின் வீட்டார் வந்தார்கள். கல்யாணம் செப்டம்பர் பத்து. ஆகஸ்டில் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடலாமாம். நல்ல வேலை, குடி இல்லை, திருவள்ளூரில் சொந்த வீடு. எனக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. டைகர் பெட்டியை விட்டு வரவேயில்லை.

3 ஜூலை, வியாழன்

என் கையிலிருந்து கொத்தமல்லி வாங்கியது!!

8 ஜூலை, செவ்வாய்

தரையில் போர்வை விரித்துக் கூண்டைத் திறந்து வைக்கிறேன். கூப்பிடுவதில்லை, தொடுவதில்லை. பக்கத்தில் படுத்து கம்பெனியில் ஃபர்னஸ் பக்கம் அடிக்கிற அனலையும் சூப்பர்வைசரையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். இன்று என் முழங்கை வரை வந்து முகர்ந்துவிட்டு ஓடியது. நைனா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டு கொண்டுவந்தார். “சும்மாதான் கெடந்துது” என்றார். டைகர் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது. திரும்பவும் புகுகிறது. கொத்தமல்லிக் கவர் சரசரத்தால் வீக் வீக் என்று கத்தல் வேறு.

13 ஜூலை, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஸ்டீவன் தனியாக வந்திருந்தார். நான் டீ போட உள்ளே போன நேரம் ஒரு அலறல். ஓடி வந்தால், அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, டைகரை ஒரு கையில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு கையில் போன், வீடியோ எடுக்க. அது கத்துகிறது. இவர் சிரிக்கிறார்.

“விட்ருங்க, பயப்படுது” என்றேன். சிரிப்பு. “ப்ளீஸ்ங்க.” இன்னும் கொஞ்சம் மேலே.

“பயந்தாத்தான் பழகும். நீயும் எங்க ஊட்டுக்கு வந்து அப்டித்தான் பழகப்போற.”

நான் ஸ்டூல் மேல் ஏறி டைகரை இரண்டு கையாலும் வாங்கினேன். “கெளம்புங்க” என்றேன். விளையாட்டு என்று நினைத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். போனார்.

14 ஜூலை, திங்கள்

டைகர் எதையும் தொடவில்லை. டாக்டர் சொன்னபடி உணவைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்தேன். கொஞ்சம் இறங்கியது.

கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு எலிக்காவ மாப்ளய வேணாம்றியே, புத்தி கெட்டுப் போச்சா? அத்த மொதல்ல கொண்டும்போயி ரோட்ல உடுறேன் பாரு.”

உடு. நானும் பின்னாலயே போவேன். என் சம்பளத்துல ஒரு ரூம் கெடைக்காதா இன்னா? இதத்தான் அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன். எனக்கு ஏன் அழுகை வரணும்? வரலை.

நைனா மட்டும், “வீடியோ எடுத்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல ஸ்டீவன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

20 ஜூலை, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். பின்வரிசையில் இல்லை, முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் ஸ்டீவனின் அம்மா வழி மறித்தார். எல்லோர் காதிலும் விழும்படி, “எலிக்கோசரம் எம்புள்ளைய அசிங்கப்படுத்திட்டியே” என்றார்.

“எலிக்கோசரம் இல்ல ஆண்ட்டி. நான் கெஞ்சினேன், அவரு சிரிச்சாரு. அதுக்கோசரம்.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறியபிறகும் கையை விடவில்லை. கோபத்திலா?

1 ஆகஸ்ட், வெள்ளி

முதலிலிருந்து ஆரம்பம். புதுப் பெட்டி, அதே போர்வை, அதே கொத்தமல்லி. என் கையைக் கண்டாலே உள்ளே ஓடுகிறது. ஓடட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மா மிக்ஸியைப் பின்கட்டுக்கு மாற்றியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “உள்ள ஒரே பேஜாரு, எனக்கே தலவலி” என்கிறாள்.

டைகர் பைப்புக்குள் தலையை மட்டும் விட்டுப் பார்த்தது.

10 செப்டம்பர், புதன்

கல்யாணத்துக்குச் சொன்ன லீவை நான் ரத்து செய்யவில்லை. வீட்டிலேயே இருந்தேன். பதினொரு மணி வாக்கில் பள்ளிப்பட்டு அத்தை போன் செய்தாள். துக்கம் விசாரிக்கிற குரல் எனக்கு வரை கேட்டது.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, “எம்பொண்ணு சரியாத்தான் பண்ணா. இன்னிக்கி அவகிட்ட யாரும் எதுவும் பேசிக்கினு இருக்க வேணாம். போன வையி” என்றாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் டைகர் வெளியே வந்தது. போர்வையைத் தாண்டி, வெறும் தரைக்கு. திடீரென்று நாலு காலும் தரையில் படாமல் துள்ளி, காற்றிலேயே உடம்பை முறுக்கி விழுந்து, மறுபடியும் துள்ளியது.

அம்மா பதறிப்போனாள். “இன்னாடி ஆச்சு அதுக்கு? இசிவா?”

“இல்லம்மா. சந்தோஷம் வந்தா இப்டித்தான் குதிக்குமாம்.”

அறை முழுக்க ஓடியது. சுவரோரம் அம்மா காலடியில் வந்து நின்றது. அம்மா அதைத் தொடவில்லை. சத்தமில்லாமல் காலை மடக்கி வழிவிட்டாள்.